மூன்று துவக்குச் சின்னம்

ஒஸ்லோவில் அம்மருட் போகும் ரயிலில் எனக்கு முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க இரண்டு தமிழர்கள். கண்ணாடி போட்டவர் கூட்டாளியின் பக்கம் சாய்ந்தார்.

"மகளின்ரை ஜக்கெற்றிலை மூண்டு துவக்கு இருக்கு மச்சான்."

"என்ன விசர்க்கதை?"

"அவள் வாங்கின பழைய மோட்டார்சைக்கிளின்ரை சின்னமடா. அந்த இங்கிலிஸ் கொம்பனி முதல் ஆமிக்குச் சுடுற துவக்குத்தான் செய்தது. பிறகுதான் சைக்கிள், மோட்டார்சைக்கிள் எல்லாம். சின்னத்தை மாத்தேல்லை. அதை ஜக்கெற்றிலையும் தைச்சு வைச்சிருக்கிறாள்."

"ஒஸ்லோவிலை ஆர் கேக்கப்போறான்?"

"நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போறாள்."

"கழட்டச் சொல்லன்."

"சொன்னனான். 'அது வெறும் சைக்கிள் கொம்பனி, அப்பா' எண்டு சிரிக்கிறாள்."

சுற்றிலும் நோர்வேக்காரர்கள்தான். இருந்தும் கண்ணாடி போட்டவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கடை அண்ணரின்ரை சைக்கிளிலையும் அதே மூண்டு துவக்குத்தான். சென்றியிலை மறிச்ச ஆமிக்கு அவரும் அதைத்தான் சொன்னவர். சைக்கிள் மட்டும்தான் வீட்டை வந்தது."