வேண்டுதல் முடி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் சுருட்டை முடி தலையைச் சுற்றிக் குடைபோல் விரிந்து நின்றது.

"எறங்கறதுக்குள்ள துண்டால தலைய மூடிக்கடா" என்றாள் அக்கா.

"இன்னாத்துக்கு? அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க இப்டிதான் வளத்துகினு கீறாங்க. பத்திரிகையில படம் பாத்தேன். நம்மள மாதிரி மிதிபட்டவங்கதான்க்கா. இப்ப, இது எங்க அழகுன்னு நிமுந்து நடக்கறாங்க."

"அவங்க நம்ம ஊர்த்தெரு வழியா நடக்கலியே. மீச முறுக்குனதுக்கே போன மாசம் மாமன் பையன கட்டிவெச்சி அடிச்சாங்க."

"காலனிக்காரன் தலையில துண்டோட அந்தத் தெருவுல போனா மட்டும் வுடுவாங்களா? அதுக்கும் அடிதான்."

சற்று யோசித்துவிட்டு, "எவனாவது கேட்டா, சாமிக்கு வேண்டுதல் முடின்னு சொல்லிடு. ஒன் கால்ல வுழறேன்" என்றாள்.

அவன் துண்டை மடித்துப் பைக்குள் திணித்தான்.

அவர்கள் இறங்கியதும் டீக்கடை பெஞ்சிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

"இன்னாடா முடி இது?"

"வேண்டுதலுங்க" என்று முந்திக்கொண்டாள் அக்கா.

"இல்லீங்க, அழகுக்கு" என்றான் தம்பி.

கண்டக்டர் அவசரமாக விசில் கொடுத்தார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் பார்த்தார்கள். நானும் முன்னால்தான் பார்த்தேன்.