அடுப்புக்கு எதிரே அவர் உடைத்த சுவர்கள்

மூக்கா!

மன்னிக்க வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர்களே, சமையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஓட்டல் முதலாளி ஐயா, என் புருஷனோடு சேர்ந்து அனலில் நின்ற தம்பிகளே, தங்கச்சிகளே, உட்கார இடமில்லாமல் வாசல் வரைக்கும் நிற்கும் அவருடைய வாடிக்கைக்காரர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று என் மகள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். எதிரே மாலை போட்ட அவர் படத்தைப் பார்த்ததும் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

நீங்கள் அவரை மாஸ்டர் என்றீர்கள். இந்தச் சங்கம் 'சமையல் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தது. அந்தச் சக்கரவர்த்தியிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. பட்டம் வாங்கப் போட்டதும் அதுதான், படம் எடுக்கப் போட்டதும் அதுதான், நன்றாகப் பாருங்கள். எனக்கு அவர் மூக்கன். தெருவில் 'நீங்க' என்பேன், கதவைச் சாத்தினால் 'நீ'. பக்கத்து வீட்டுச் சட்டி அடிப்பிடிக்கப் போகிறது என்று நம் வீட்டுக்குள் இருந்தே குரல் கொடுக்கிற ஆளுக்கு வேறு என்ன பேர் வைப்பது?

எனக்கு முன்னால் பேசியவர்கள் படித்தவர்கள். அவர் கைப்பக்குவத்தைப் பற்றி அழகாகச் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் என் நெஞ்சில் இருந்த கல் எப்படி இறங்கியது என்று உங்களுக்கும் தெரியும்.

சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "அம்மா, மாஸ்டர் குடியிருந்த பழைய வீடு ஒண்ணுல அவர் பேர் போட்டு ஒரு கல்லு வைக்கலாம்னு இருக்கோம். எந்தெந்த வீடுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கார் இருக்கு, போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். நான்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் தெரியுமா? சொந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் மூன்று வாடகை வீடுகளில் இருந்தோம். ஒன்றையாவது நாங்களாகக் காலி செய்தோமா? இல்லை! மூன்றிலும் துரத்தினார்கள்!

குடிபோனதும் அவர் முதலில் பார்ப்பது அடுப்படியைத்தான். அடுப்புக்கு எதிரே சுவர் இருந்தால் முகம் சுருங்கிப்போகும். கொஞ்ச நாள் முனகிக்கொண்டே சமைப்பார். அப்புறம் ஒரு நாள், வீட்டுக்காரர் வெளியூர் போன நேரமாகப் பார்த்து, உளியும் சுத்தியலும் எடுப்பார். செங்கல் செங்கலாகப் பெயர்த்து முக உயரத்துக்கு ஒரு ஓட்டை போட்டுவிடுவார். வாடகை வீட்டில்! யாரையும் கேட்காமல்!

"ஏன்யா, இது உங்கப்பன் வீட்டுச் சுவரா?" என்று கத்துவேன்.

"புகை போகணும்ல" என்பார், பல்லில் ஆணியைக் கடித்துக்கொண்டு.

மகள் கேட்டால், "வெங்காயம் சிவந்துச்சா கருகுச்சான்னு பகல் வெளிச்சத்துலதான் பாப்பா தெரியும்" என்பார். ஓட்டலில் யாராவது கேட்டால், "சுவத்தைப் பார்த்துச் சமைச்சா எனக்குக் கோவம் வருது" என்பார். ஆளுக்கு ஒரு பதில்.

சொந்த வீட்டில் அடுப்புக்கு எதிரே மொட்டைச் சுவர்தான். அதை மட்டும் அவர் தொடவே இல்லை. "சொந்தச் சுவர்னா கை நடுங்குதோ?" என்று எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவார்.

ஓட்டல் படிக்கட்டில் வரிசையாக நின்று சாப்பிட்டீர்களே, அந்தப் பதார்த்தம் எல்லாம் எங்கே பிறந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த ஓட்டைகளுக்கு முன்னால்தான் பிறந்தது! எதையும் முதலில் வீட்டில் செய்து பார்ப்பார். முதல் கரண்டி எனக்கு. 'இன்னும்' என்றால் மறுபடி செய்வார். 'போதும்' என்றால் மறுநாள் ஓட்டலில் இருக்கும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு அந்த மூன்று வாசலிலும் மிஞ்சியிருப்பது என்ன பேர்? சுவரை உடைத்தவன் என்ற பேரா? கல் வைக்கப் போய் வசவு வாங்கி வந்தால் அது என்னோடு நிற்குமா, கண்ணை மூடிய மனுஷனுக்குப் போய்ச் சேராதா? அதுதான் என் பயம். தலையைக் குனிந்து வெளியேறிய வாசலில் மறுபடி எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஆனாலும் போனேன். மகளும் கூட வந்தாள்.

முதல் வீடு, தையல் கடைக்கு மேலே மாடி அறை. கல்யாணம் முடிந்து நாங்கள் குடிபோன இடம். கீழே இப்போதும் மெஷின் ஓடுகிற சத்தம். படிக்கட்டில் அதே இரும்புக் கைப்பிடி, அதே ஆட்டம். வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரு?"

"நான்தான்க்கா, மேல மாடியில இருந்தோமே..."

"ஓட்டை போட்டவன் பொண்டாட்டியா நீ?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "அந்த வருஷ மழை பூரா என் வீட்டுக்குள்ளதான் பேஞ்சுது, தெரியுமா? கீழ தையக்காரர் வச்சிருந்த துணியெல்லாம் நாசம். அவருக்கு நான் பதில் சொன்னேன். கொத்தனாருக்கு நான் பதில் சொன்னேன். உன் புருஷன் வந்து ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டானாங்கிறேன்!"

செயலாளர் மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் அப்படியே நின்றேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே! திட்டித் திட்டி அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரல் இறங்கியது.

"செத்துட்டானாமே?"

"ஆமாக்கா."

"கையில ருசி இருந்துச்சு அவனுக்கு. கீழ படியேறும்போதே பசி வந்துடும். ஏண்டி நிக்கிற? உக்காரு. டீ போடச் சொல்றேன்."

அடுப்படியைப் போய்ப் பார்த்தேன். ஓட்டையை அடைத்து வேறு நிறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கல் விஷயத்தைச் செயலாளர் பயந்துகொண்டே கேட்டார்.

"தாராளமா வைங்க. ஆனா ஒட்டி வைங்க. திரும்பவும் என் சுவத்துல ஓட்டை போட்டீங்க, அவ்வளவுதான்!"

காரில் ஏறியதும் மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. இத்தனை காலம் எந்த வசவுக்கு நடுங்கினேனோ, அதைக் காதாரக் கேட்டாகிவிட்டது. கேட்டு முடித்தால் டீதான் வந்தது.

இரண்டாவது வீடு, பஸ் டிப்போவுக்குப் பின்னால். இப்போது ஒரு கண்டக்டர் குடும்பம் இருக்கிறது. மாஸ்டர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களிடம் என்ன சொல்லி உள்ளே போவது? மகள்தான், "அடுப்படியில ஒரு ஜன்னல் இருக்கும், அதைப் பார்க்கணும்" என்று உடைத்துச் சொன்னாள்.

"எங்க ஜன்னலையா?" என்று அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வாங்க, வாங்க. நாங்க இந்த வீட்டை எடுத்ததே அந்த ஜன்னலைப் பார்த்துதான். வீட்டுக்காரரும் அதைக் காட்டித்தான் வாடகையை ஏத்திக்கிட்டே போறாரு."

எங்களைத் துரத்திய அதே வீட்டுக்காரர்! மூக்கன் போட்ட ஓட்டைக்குச் சட்டம் போட்டு, கம்பி போட்டு, நீல வர்ணமும் அடித்திருக்கிறார். "அப்பா பங்கை வாங்கிட்டுத்தான் வரணும்" என்று மகள் என் காதைக் கடித்தாள். அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிரே யாரோ உயரமாகக் குடோன் கட்டிவிட்டார்கள். சுவர்தான் தெரிந்தது. வெளிச்சம் மட்டும் மேலேயிருந்து எப்படியோ வந்து அடுப்பு மேல் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று நான் காரிலேயே சொன்னேன். அது ஒரு வரிசை வீடு. வீட்டுக்காரர் லாரி வைத்திருந்தவர், மீசைக்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். ஓட்டையைப் பார்த்த அன்றைக்கு எங்கள் பாத்திரத்தையெல்லாம் தூக்கித் தெருவில் எறிந்தார். பெரிய சட்டி உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. இவர் போய் எடுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகிற பஸ்ஸில்கூட நான் ஏறியதில்லை.

மகள் கேட்கவில்லை. கார் போய் நின்றது.

மீசைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மீசை வெளுத்துவிட்டது, பாதிதான் மிச்சம்.

"வாம்மா. பேப்பர்ல பார்த்தேன். நீ வரமாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். "உள்ள வர்றதுக்கு முன்னாடி, அந்தப் பக்கச் சந்துல போய்ப் பார்த்துட்டு வா."

போனோம். வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்படியில் ஜன்னல்! எல்லாம் ஒரே உயரத்தில்! எங்கள் வீட்டில் அவர் போட்டது மட்டும் கொஞ்சம் கோணல்.

"உங்காளு உடைச்சதை அடைக்கக் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன்மா" என்றார் மீசைக்காரர். "பக்கத்து வீட்டுக்காரி வந்து மறிச்சுக்கிட்டா. 'அதை அடைக்காதீங்க, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க'ன்னா. அப்புறம் வரிசையே பிடிச்சுக்கிச்சு, என்ன செய்ய? கூப்பிட்டு உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். வீம்பு விடல. ஒரு நாள் அந்த ஓட்டலுக்குப் போய் ஓரமா உக்காந்தேன். உள்ளருந்து உங்காளு பார்த்துட்டான். வந்தான். நான் வாயே திறக்கல. அவனும் திறக்கல. என் தட்டுல அவன் கையாலேயே கூட ரெண்டு கரண்டி வச்சான். போய்ட்டான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, அப்பாடா என்று இருந்தது! இருவரும் என்றைக்கோ சமாதானம் ஆகியிருக்கிறார்கள். அந்த மனுஷன் அதைக்கூட என்னிடம் மூச்சு விடவில்லை!

கல்லை அந்தக் கோணல் ஜன்னலுக்குக் கீழேதான் வைக்கிறோம். வைக்கச் சொன்னது மீசைக்காரர்.

"சரிம்மா, எதுக்கு உடைச்சான்?" என்று கேட்டார்.

"புகை போகத்தான்."

"புகையா? அந்த அடுப்புக்கு மேல நான்தான் புகைக்கூண்டு வச்சுக் குடுத்தேனே! நல்லா இழுக்குமே!"

உள்ளே போய் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றேன். அங்கே குடியிருந்த வரைக்கும் நான் நின்றதே இல்லை. அந்த இடுக்கில் ஒரு ஆள்தான் நிற்கலாம், சமையல் முழுக்க அவர்தான். அந்த நேரத்தில் நான் வெளியே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேர் எதிரே குழாய். குழாய்க்குக் கீழே நான் உட்கார்ந்து தேய்த்த கல்.

மற்ற இரண்டு வீட்டிலும் சரிபார்க்க வழியில்லை. ஒன்றை அடைத்துவிட்டார்கள், ஒன்றைக் குடோன் மறைத்துவிட்டது. சொந்த வீட்டில் குழாய் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நான் அவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் கழுவுவேன்.

பெரியவர்களே, அதிகம் பேசிவிட்டேன். முதலாளி ஐயா, புது அடுப்படி கட்டப் போகிறீர்களாம். அடுப்புக்கு எதிரே ஜன்னல் வையுங்கள், யாரும் உளியைத் தூக்க வேண்டாம். அவர் கையில் தொழில் படித்த தங்கச்சிகளே, கரண்டியை நீங்கள் பிடியுங்கள். எது செய்தாலும் முதல் கரண்டி என் வீட்டுக்கு வரட்டும். 'இன்னும்' என்று சொல்லவும் 'போதும்' என்று சொல்லவும் இந்த நாக்கு இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் அவர் ருசி குறையாது. குறைய விடமாட்டேன்! இது உங்கள் எல்லோர் முன்னாலும் நான் கொடுக்கிற வாக்கு.

கடைசியாக அவரிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன். நீங்கள் கேட்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

மூக்கா, புகைன்னு சொன்ன, வெங்காயம்னு சொன்ன, கோவம்னு சொன்ன. எல்லார் கிட்டயும் திட்டு வாங்கி, வீடு வீடா மூட்டை கட்டி, அந்தச் சுவத்தையெல்லாம் நீ உடைச்சது குழாயடியில உக்காந்திருந்த என்னைப் பார்க்கத்தானா?