மூணாவது ஓலை

மன்னிப்பாம் மன்னிப்பு! சந்தையில கத்திரிக்கா விக்கிறவ கூட கொசுறு போடுறதுக்கு முன்னாடி ஆளு மூஞ்சியப் பாக்குறா பாய். எங்க ஆண்டவரு அதுகூடப் பாக்க மாட்டாரு. வந்தவன் போனவனுக்கெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாரு... நீங்க பாருங்க, பாருங்க. முன் சக்கரந்தான் பஞ்சரு. அவசரமில்ல. நான் இந்தப் பெட்டி மேல செத்த நேரம் ஒக்காந்துக்கிறேன்.

யாரச் சொல்றேனா? எல்லாம் நத்தம் ரோட்டு மரக்கடை ராயப்பராஜத்தான். சாகக் கெடக்கான்ல. முந்தாநேத்து இருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கு. டாக்டரு பொட்டிய மூடிக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப தொரைக்கு சாமியாரு வேணுமாம்! பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம்!

ஒங்களுக்கு எங்க வழக்கம் தெரியாதுல்ல முனீர் பாய், சொல்றேன் கேளுங்க. செஞ்ச பாவத்தையெல்லாம் சாமியாரு காதுல சொல்லி, மனசு நொந்து அழுதா போதும். தீந்துச்சு. சாகப்போறவன்னா, அவஸ்தைப்பூசுதல்னு சொல்லி நெத்தியில, கையில தைலத்தப் பூசி, நேரா மோட்சத்துக்கு வழியனுப்பி வச்சிருவாங்க. ஆனா ஒண்ணு, உசுரு இருக்கையிலயே சாமியாரு வந்து சேரணும். போனப்பறம் வந்து தைலத்தக் கொடம் கொடமா ஊத்துனாலும் பிரயோசனமில்ல... ஏன் பாய், இம்புட்டு வேகமா டயரக் கழட்டுறீங்க? அவசரமில்லன்னேனே.

இருவது வருசம் பாய்! இருவது வருசமா அவன் கோயில் வாசப்படிய மிதிக்கல. ஈஸ்டருக்கும் இல்ல, கிறிஸ்மசுக்கும் இல்ல. பெத்த புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கையில வெளிய வேப்பமரத்தடியில நின்னு பீடி குடிச்சிக்கிட்டு இருந்தான். சர்க்காரு கள்ளுக்கடைய மூடுச்சு, இவன் வாய மூடல. எங்கிருந்துதான் வாங்குவானோ, சாயங்காலமானா கண்ணு செவசெவன்னு இருக்கும். சாமியாரு வழியில எதுக்க வந்தா தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவான். அவனுக்கு மோட்சமாம்!

நான் இருக்கேன். முப்பது வருசமா பள்ளிக்கூடத்துல ஞானோபதேசம் சொல்லிக்குடுக்குறேன். வாத்தியார் பவுல்ராஜுன்னா திண்டுக்கல்லுல தெரியாத ஆளு உண்டா? ஒருநாள் பூசைக்குத் தவறுனதில்ல. தவசு காலம் நாப்பது நாளும் கறி தொட்டதில்ல, வெறும் ரசமும் தொவையலும். இப்படிப்பட்ட நான் செத்தா, உத்தரிக்கிற ஸ்தலத்துல எத்தன வருசம் வெந்து அழுக்குப் போகணுமோ, யாரு கண்டா? அவன் மட்டும், சீமெண்ணெய்க்கு ஊரே வரிசையில நிக்கையில பின்வாசல்ல வாங்கிட்டுப் போறவனாட்டம் உள்ள போயிருவான்.

இது இன்னைக்கு நேத்திக்கு நடக்குறதில்ல. எங்க வேதத்துலயே இருக்கு. சேசுநாதரு பக்கத்துல ஒரு கள்ளனத் தொங்க விட்டாங்க. சாகுற நேரத்துல அவன் ஒரு வார்த்த சொன்னான், அன்னைக்கே மோட்சம். சரி. அந்தக் கள்ளன் எத்தன வீட்டுல கன்னம் வச்சானோ? களவு குடுத்த பொம்பள எவகிட்டயாச்சும், 'ஏம்மா, ஒனக்குச் சம்மதமா'ன்னு ஒரு வார்த்த கேட்டாங்களா? கேக்கல. சிலுவையில இருந்த ரெண்டு பேருமே பேசி முடிச்சுக்கிட்டாங்க. நான் புள்ளைகளுக்கு இந்தக் கதைய வருசா வருசம் சொல்லுவேன். சொல்லும்போதெல்லாம் இந்த எடத்த மட்டும் வேகமாத் தாண்டிருவேன்.

என்னது, அவன் எனக்கு என்ன செஞ்சானா? என் தங்கச்சி புஷ்பமேரியத் தெரியும்ல? அதேதான், வெள்ளச் சேலை கட்டிக்கிட்டுப் போகுமே. அதுக்கும் அவனுக்குந்தான் கலியாணம் பேசியிருந்துச்சு. எங்கள்ல கலியாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கெழம பூசையில ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு சபையில வச்சுக் கேப்பாங்க. மொத ஓலை வாசிச்சாச்சு. ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. புஷ்பம் பொடவையெல்லாம் எடுத்து வச்சிருச்சு. மூணாவது ஞாயித்துக்கெழம கோயில்ல ஒக்காந்திருக்கோம், ஓலையில பேரே இல்ல!

அப்பறம் என்ன? நாலு மாசம் இழுத்துச்சு. அவங்க ஆத்தாக்காரி ரோசக்காரி. நத்தத்துல ஒரு பொண்ணப் பாத்து அவனுக்குக் கட்டி வச்சுட்டா. இவனும் தலைய நீட்டுனான்ல? பேசாம நீட்டுனான்ல? ஓலை நின்ன பொண்ண அதுக்கப்பறம் எவன் பாய் கேட்டு வருவான்? ஒருத்தன் வரல. எங்க வீட்டுலயே அடுப்பூதிக்கிட்டு, என் புள்ளைக ரெண்டையும் வளத்து ஆளாக்கிட்டு, அப்படியே இருந்துருச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது? சாமியாரு கையத் தூக்கி ஒரு சிலுவை போட்டா அந்த இருவது வருசமும் திரும்ப வந்துருமா?

இதுல பெரிய கூத்து எதுன்னா, இப்ப அவன் தலமாட்டுல ஒக்காந்து செபம் சொல்லிக்கிட்டு இருக்குறதே அவதான்! சம்சாரம் போன வருசம் போயிருச்சு, புள்ளைக வெளியூரு, ஆளில்லன்னு ஓடியிருக்கா. வெக்கமில்ல? வாயில தண்ணிய ஊத்திவிட்டுக்கிட்டு, வேர்வையத் தொடச்சுக்கிட்டு... என்னைக்கோ மன்னிச்சுட்டாளாம். கேட்டாச் சிரிக்கிறா. அண்ணன் தம்பி இல்லாதவ மாதிரி.

சாமியாரக் கூப்பிட யாரு போயிருக்காங்களா? நான்தான் பாய். என்னைத்தான் அனுப்பியிருக்காங்க. அதுக்குத்தான கெளம்பினேன். வழியில இந்தச் சனியன் பஞ்சராயிருச்சு... நான் என்ன செய்ய? அதுவும் ஆண்டவன் சித்தந்தான்னு வச்சுக்கங்களேன்.

என்ன பாய்? தண்ணியில முக்கிப் பாத்தாச்சா? காத்து முட்டை வரலயா? நல்லாப் பாருங்க, சின்ன ஓட்டையா இருக்கும்... கழட்டும்போதே காத்த நிப்பாட்டுற வால்டியூப்பு உள்ள இல்லையா? அது எங்கயாச்சும் கழண்டு விழுந்திருக்கும். ரோடு கெடக்குற லட்சணத்துக்கு... தானா விழுந்திருந்தா மேல உள்ள நட்டும்ல சேந்து விழுந்திருக்கணும்ங்கிறீங்களா? ...ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி. நான்தான் புடுங்கி எறிஞ்சேன். அவன் வீட்டு முக்குத் திரும்புனதுமே. இப்ப என்ன?

இவன் போகட்டும் பாய், எப்படிக் கெடந்தானோ அப்படியே போகட்டும்! அவன் என்னையக் கூப்பிட்டு விட்டான், பாருங்க, காலையில. புஷ்பத்த வெந்நி வைக்க அனுப்பிச்சுட்டு என் கையப் புடிக்கிறான். கையா அது, வெறகுக் குச்சி. 'பவுலு, அத நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்டா. புஷ்பத்துக்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல, இனிமேயும் சொல்ல மாட்டேன். நீ மனசுல வச்சுக்காத. போய் சாமியாரக் கூட்டிட்டு வா'ங்கிறான்.

இவன் என்னைய மன்னிக்கிறானாம்! இந்தக் குடிகாரப் பய! நான் கேட்டனா? கால்ல விழுந்தனா?

...எதயா? அந்த ஓலையத்தான். ரெண்டாவது ஓலை வாசிச்ச வாரம் சாமியார்கிட்ட போனது நான்தான். மூணாறு எஸ்டேட்டுல வேல பாத்தப்பவே அவனுக்கு அங்க ஒருத்தியும் ஒரு புள்ளையும் இருக்குன்னு சொன்னேன். ஒண்ணும் கெடயாது, சும்மா. அவன் எந்த எஸ்டேட்டுல இருந்தான்னு இந்த ஊருல எனக்கு மட்டுந்தான் தெரியும், அதான் கண்டுபிடிச்சிருக்கான். அங்கத்திய சாமியாருக்குக் கடுதாசி போட்டு, அப்படி எதுவும் இல்லன்னு பதில் வர நாலு மாசம். அதுக்குள்ள அவங்க ஆத்தா... சொன்னேன்ல. அந்தக் கோவத்துலதான் கோயில விட்டே போனான்.

என்னைய அப்படிப் பாக்காதீங்க பாய். அப்ப என் சம்சாரம் போயி எட்டு மாசம். ஒண்ணு தத்தித் தத்தி நடக்குது, ஒண்ணு தொட்டில்ல. புஷ்பமும் போயிட்டா நான் என்ன செய்வேன்? ஒரு ரெண்டு வருசம் தள்ளிப்போகட்டும்னுதான் நெனச்சேன். சத்தியமா அம்புட்டுத்தான்.

நானும் பாவசங்கீர்த்தனம் பண்ணினவன்தான்! 'பொய் சொன்னேன் சாமி'ன்னேன். எத்தன தடவன்னாரு. ஒரு தடவன்னேன். மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னாரு. முழங்காப் போட்டுச் சொன்னேன். நாலு நிமிசம் ஆகல.

புஷ்பத்துக்கிட்டயா? அதுகிட்ட எப்படி பாய் சொல்றது? சோறு போடுற கையப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? இருவது வருசமா வாயெடுத்து வாயெடுத்து... எனக்குத் துப்பில்ல. அவன் எல்லாத்தையும் மன்னிச்சுப்புட்டு ஜம்முனு போயிருவான். நான் அவ போடுற சோத்தத் தின்னுக்கிட்டு இங்கயே கெடக்கணும்.

என்ன, காத்தடிச்சுட்டீங்களா? இருங்க, இருங்க, எந்திரிக்கிறேன். முட்டி புடிச்சுக்கிச்சு... பாய்! நீங்க எதுக்கு ஏறுறீங்க? அது என் சைக்கிளு! கடைய யாரு பாக்குறது? ஏ பாய்!... சாமியாருக்கு ஒங்கள யாருன்னு தெரியாதே!... 'அவஸ்தை'ன்னு சொல்லுங்க! அவஸ்தைன்னாத்தான் சாமி சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிக்கும்! கேக்குதா? நத்தம் ரோட்டு மரக்கடை!... யாரு அனுப்புனான்னு கேட்டா... என் பேரச் சொல்லிராதீங்க...

...என்னய்யா? காத்தடிக்கணுமா? பம்பு அங்க கெடக்கு, நீயே அடிச்சுக்க. பாய் இல்ல. எங்கன்னா... நான் போகவேண்டிய எடத்துக்குப் போயிருக்காரு.