மூணு டிஸ்க்கில் ஒரு கல்யாணம்

அப்புத்தளை பஸ் ஹாலிஎலையைத் தாண்டியதும் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு மறுபடியும் கல்யாணங்க்கா."

"அடியே, யாரோட?"

"அதே மனுசனோடதான். கல்யாணத்தன்னைக்கு அம்மா காலு ஒடஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்துச்சில்ல, ஒன்னும் பாக்கல. தோட்டத்து லயத்து வீட்டுல இருக்க பழைய பிளேயர்ல கல்யாண டிவிடி ஓடாது. பதுளையில குடுத்து விசிடியா மாத்திட்டேன். மூணு டிஸ்க்கு."

"நல்லதுதானே!"

"மொத டிஸ்க்கு, அவரு தாலிய கையில எடுக்கிறதோட முடிஞ்சிருதுக்கா."

"ஐயையோ! அப்புறம்?"

"அடுத்த டிஸ்க்க போடுற வரைக்கும் லயமே அட்சதையோட காத்திருக்கணும். அம்மா இப்பவே அரிசியில மஞ்சள் கலந்து வச்சிருச்சு."

"டிஸ்க்க யாரு மாத்துறது?"

"மாப்பிள்ளைதான். பட்டு வேட்டி கட்டிக்கிட்டுத்தான் மாத்தணுமாம்."