வெளியாட்களுக்கான சிவப்புக் கொடி

பெயர் எல்ராய் நார்த்பேர்ட். வயது ஐம்பத்திரண்டு. மினசோட்டாவின் வடக்கே, எங்கள் ஒஜிப்வே பழங்குடி நிலத்தில், நெடுமணல் ஏரி முகாம் திடலை ஒட்டிய மூன்றாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பதினோரு ஆண்டுகளாக அதே திடலில் காவலர் வேலை.

இன்று வாக்குமூலம் கொடுக்கக் கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தேன். உள்ளே வந்த பிறகுதான் அது வேலைச் சட்டை என்று தெரிந்தது. முதுகில் 'படகில் ஏறினால் ஜாக்கெட் போடு' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆகவே நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். அதிகாரி ஏன் என்று கேட்கவில்லை.

கூடாரம் போட வரும் வெளியாட்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து, விதிகளை வாசித்துக் காட்டுவது என் வேலை. மிதவை ஜாக்கெட் போட வேண்டும், எங்கள் முன்னோரைப் புதைத்த தீவில் இறங்கக் கூடாது, காற்று ஏறி நான் சிவப்புக் கொடி ஏற்றினால் எல்லாப் படகும் கரைக்கு வர வேண்டும். தூக்கத்திலும் இதையே ஒப்பிக்கிறேன் என்பாள் என் மனைவி. விதிகள் எங்களுக்கும் உண்டு. ஆனால் ஏரி நம்முடையது, கொடி விருந்தாளிக்கு என்பது எங்கள் நினைப்பு. ஏரித் தண்ணீரிலேயே விளையும் காட்டரிசியைப் படகில் எடுக்கப் போகும்போது ஜாக்கெட்டை மடித்து அதன்மேல் உட்காருவோம். நானும் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மெத்தை.

செப்டம்பர் நான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நகரத்தில் நர்சிங் படிக்கும் என் மகள் ரெனே, வயது இருபத்தொன்று, காட்டரிசி எடுக்கத் துறைக்கு வந்தாள். என் அக்காள் மகன் டுவைட் படகின் பின்னால் நின்று கழி ஊன்ற, அவள் உட்கார்ந்து கதிரைப் படகுக்குள் தட்டுவதாக ஏற்பாடு. அவள் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழுத்து வரை பூட்டியிருந்தாள். துறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"என்னம்மா, கூடாரம் போட வந்தவங்களா நீங்க? சீட்டு எங்க, காட்டுங்க பாப்போம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டுவைட் மட்டும், "இருக்கட்டுமே மாமா, போட்டுக்கட்டும்" என்றான்.

"உன் வாய்க்குத்தாம்ப்பா முதல்ல ஒரு ஜாக்கெட் போடணும்" என்று ரெனே சொல்லி, அதைக் கழற்றி மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அதன் பிறகு எங்கள் வழக்கப்படி ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலையைத் தண்ணீரில் விட்டாள். அதன் பிறகு கிளம்பினார்கள்.

பன்னிரண்டேமுக்காலுக்குத் தண்ணீர் குடிக்கத் துறைக்கு வந்து, திரும்பவும் போனார்கள். அதன் பிறகு ஒன்று பத்துக்கு நான் கொடி ஏற்றினேன். வெளியாட்களின் மூன்று படகும் உடனே கரைக்கு வந்தன. எங்கள் படகு நெடுநேரம் கழித்துத்தான் பயிரை விட்டு வெளியே வந்தது. அரிசிச் சுமையில் தாழ்ந்திருந்தது. நடு ஏரியில் குறுக்கே அலை அடித்துக் கவிழ்ந்தது.

டுவைட் எழுந்து நின்றதால்தான் கவிழ்ந்தது என்று என் மனைவி வீட்டார் புகார் கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அது தவறு. அவன் முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். துறையிலிருந்து நான் கண்ணால் பார்த்தேன். அவன்மேல் வழக்கு வேண்டாம்.

அதன் பிறகு நான் மோட்டார் படகில் போனேன். வேலைப் பழக்கத்தில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன். டுவைட் மூழ்கி மூழ்கித் தேடிக்கொண்டிருந்தான். உதடு நீலமாகியும் படகில் ஏற மறுத்தான். முதலில் அவளுடைய ஜாக்கெட் கிடைத்தது. மூன்று இருபதுக்கு ரெனே கிடைத்தாள்.

இதுவரை எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்தும் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அவர்கள் தண்ணீர் குடிக்க வந்தபோதே காற்று திரும்புவது எனக்குத் தெரிந்தது. ஜாக்கெட் அவளுக்கு அடியில் இருந்தது. காலையில் சிரித்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். 'எடுத்துப் போட்டுக்கோம்மா' என்பது என் நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

(ஒப்பம்) எல்ராய் நார்த்பேர்ட்