காலி விட்ட வரி

— ஐயாவோட இசைப் புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேட்டுக்கம்மா. அப்புறம் வெளிய போன்னாலும் போயிடுறேன்.

— மொதல்ல உக்காருங்க மாமா. அப்பா அமைச்ச இசைய முப்பது வருஷம் பிரதி எடுத்துக் குடுத்தவர யாரு வெளிய அனுப்புவா?

— அந்த நாலு பேர் வில் போட்டு வாசிக்கிற உருப்படி. நடுவுல மூணு பேரும் நிறுத்திடுவாங்க, ஒத்த வயலின் மட்டும் அழும்ல...

— அதத்தானே ஊரே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. அப்பா போனப்போ பேப்பர்ல எல்லாரும் அதப்பத்தித்தான் எழுதுனாங்க.

— அது ஐயா போட்டது இல்ல. நான் பண்ண தப்பு.

— ம். சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல. நாலு பேருக்கும் தனித்தனித் தாள்ல எழுதணும். மொத வயலினோட தாள முடிச்சிட்டேன். மத்த மூணுலயும் ஒரு வரி மட்டும் பாக்கி. ஐயா அடிச்சு அடிச்சு எழுதியிருந்தாரா, புரியல. கேட்டு எழுதிக்கலாம்னு காலி விட்டேன். அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரி, அலைச்சல். அப்படியே குடுத்தனுப்பிட்டேன்.

— ஒத்திகையில யாரும் கேக்கலையா?

— காலியா இருந்தா சும்மா இருக்கணும்னு எடுத்துக்கிட்டாங்க. ஐயா காய்ச்சல்ல படுத்தவரு, நேரா கச்சேரிக்குத்தான் வந்தாரு. மேடையில மூணு பேரும் வில்ல எறக்குனப்போ எனக்கு உசுரே போயிடுச்சு. சபை எந்திரிச்சு நின்னு கை தட்டுது. ஐயா என்னை ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான். என்னைக் காட்டிக் குடுக்காம இருக்க, கடைசி வரைக்கும் ஒரு பொய்யச் சுமந்தாரேம்மா. நெனச்சா சாப்பாடு எறங்க மாட்டேங்குது.

— அவரு கையால எழுதுனத அப்புறம் பாத்தீங்களா?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது?

— இப்பப் பாருங்க. கண்ணாடியப் போடுங்க மொதல்ல.

— மூணு வரியையும் சிவப்பு மையில அடிச்சிருக்கே. ஓரத்துல... ‘இதுதான் சரி’. தேதி கச்சேரிக்கு மறுநாள்.

— போதுமா?

— நெஞ்சுல இருந்த கல்லு எறங்கிடுச்சும்மா. இனி நிம்மதியாத் தூங்குவேன்.

— தள்ளி உக்காந்து அழுங்க மாமா, தாள் நனைஞ்சிடும்.

— முப்பது வருஷத்துல நான் பண்ண ஒரே தப்பு அது.

— ஒண்ணா? இந்தக் கட்டுல சிவப்பு மை பதினோரு இடத்துல இருக்கு. எல்லாம் உங்க தாளப் பாத்து அப்பா தான் எழுதுனதத் திருத்துனது.

— பதினொண்ணா? அந்த மனுஷன் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?

— அம்மாவுக்குச் சீட்டு எழுதி உள்ளயே சொருகி வச்சிருக்காரு. “இவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா அடுத்த தடவை ஒழுங்கா எழுதிடுவான்.”