மாடு மீட்காத ஏடு

சீட்டிச் சத்தம். அடுத்து இடி. கரும்புக் கொல்லை எரிகிறது. 1965. பஞ்சாப் எல்லை. பதுங்கு குழியைப் பார்த்து ஓடுகிறேன். பின்னால் முத்தையா. என் தங்கை புருஷன், ஒரே ஊர், ஒரே பட்டாளம்.

“படு! படு!”

நான் படுத்தேன். அவனைக் குண்டு தூக்கி எறிந்தது. வயிறு முழுக்க இரத்தம். வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு.

“அவுத்துக்க மச்சான்! நீ கட்டிக்க! மாட்டை மீட்டுரு!”

அவிழ்த்து முடிப்பதற்குள் அவன் இல்லை.

காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் காளையார்கோவிலுக்குத் தெற்கே. மழை பொய்த்தால் கோயிலில் புராணம் படிப்போம். அந்தக் கதையில் பகைவர் மாடுகளைக் கவர்வார்கள். வீரன் ஒருவன் மீட்பான். மீட்கிற இடத்தைப் படிக்கிற அன்று மழை இறங்கும். அப்படித்தான் நம்பினோம். காப்புக் கட்டியவன்தான் படிக்கலாம். படித்து முடிக்காமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

அந்த வருஷம் லீவில் வந்த முத்தையாவுக்குக் கட்டினார்கள். அவன் குரல் அப்படி. மாடுகள் பறிபோன இடம்வரை படித்தான். அதற்குள் எங்கள் இருவருக்கும் பட்டாளத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. காப்பை வேறொருவனுக்கு மாற்றியிருக்கலாம். ஊர் கேட்கவில்லை. அவன் குரலில்தான் கேட்போம், வந்து முடிக்கட்டும் என்று காப்போடு போருக்கு அனுப்பியது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

திரும்பி வருகிறேன். வற்றிய கண்மாய்க்குள் மாட்டு எலும்பு. கோயிலில் ஏடு விரித்தபடியே கிடக்கிறது, மேலே பட்டுத்துணி. ஊரே காத்திருக்கிறது. சாவுத் தந்தி எனக்கு முன்பே வந்திருந்தது. என் தங்கை அழவில்லை.

“அண்ணே, காப்பைக் கொண்டாந்தீகளா?”

அவளே என் கையில் கட்டிவிட்டாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வரிக்கு வரி தடுக்கினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தண்ணீர் கேட்கிற ஆட்களைப் போல என் வாயையே பார்த்தார்கள்.

“சத்தமாப் படிங்க! கேக்கலை!”

கத்திப் படித்தேன். தொண்டை கிழிந்தது. ஏட்டில் மாடுகள் எல்லாம் வீடு திரும்பின. ஒரு கன்றுகூடக் குறையவில்லை.

வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். வெயில். தங்கை என் கையிலிருந்து காப்பை அவிழ்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழுவத்தில் ஏழு மாடு. தங்கை வீட்டில் உழவு ஜோடி, ஒரு கறவை. பக்கத்து வீட்டில் கயிறு மட்டும் மிச்சம். கண்மாய்ப் பாசனம் முழுக்கத் தரிசு. அப்புறம் முத்தையா. வயது இருபத்தாறு.